தமிழகக் கிராமங்களில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி: மலேசியாவிலிருந்து உதவத் தொடங்குவோருக்கு

செந்தூலிலோ பிறையிலோ பத்துப் பேர் கூடி, தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துத் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டித் தருவோம் என்று பேச ஆரம்பித்தால், முதல் கூட்டத்திலேயே கட்டடத்தின் படமும் திறப்பு விழாத் தேதியும் மேசைக்கு வந்துவிடுகின்றன. இரண்டையும் ஓரமாக வையுங்கள். இந்த வேலையில் கட்டடம்தான் எளிது. எந்த ஊர், யாருடைய நிலம், பணம் எந்த வழியாகப் போகிறது, திறந்த பிறகு கழிப்பறையை யார் கழுவுவார்கள் என்பதற்கெல்லாம் பதில் இல்லாமல் எழும்பிய கட்டடங்கள்தாம் பூட்டிக் கிடக்கின்றன.

புதுப் பள்ளியா, இருக்கிற பள்ளியா?

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் இருக்கவும் இருக்கிறது. ஒன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியாக இருக்கும். இல்லாவிட்டால் ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் நலப் பள்ளியாக இருக்கும். சில ஊர்களில் அரசு உதவி பெறும் பள்ளி. குறை பள்ளி இல்லாததில் இல்லை. இரண்டு வகுப்பறையில் ஐந்து வகுப்பு நடக்கும், கழிப்பறைக்குக் கதவு இருக்காது, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளை பேருந்து இல்லாமல் நின்றுவிடும். உதவி அங்கேதான் தேவைப்படுகிறது.

புதிதாகத் தனியார் பள்ளி தொடங்கினால் பிள்ளைகள் எதை இழப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் மதிய உணவு உண்டு. 2022 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதே பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தால், பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. நீங்கள் நல்ல மனத்தோடு கட்டும் சுயநிதிப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால், இத்தனையிலிருந்தும் அந்தப் பிள்ளையை வெளியே எடுக்கிறீர்கள். பத்தாண்டு கழித்து இங்கே நன்கொடை வற்றிப்போனால் பள்ளியும் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. காலனி என்று அழைக்கப்படும் தலித் குடியிருப்புக்குள் காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பள்ளி எழுந்தால், ஊர்த்தெருப் பிள்ளைகள் அங்கே வரமாட்டார்கள். தனிக் கிணறு, தனிச் சுடுகாட்டோடு தனிப் பள்ளியும் சேர்ந்துகொள்ளும். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய காலத்தில், வேறு பள்ளி வாசலில் அந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. இன்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தை உட்காரத் தகுந்ததாக்குவதுதான் மிச்ச வேலை.

ஆகவே எங்கள் வரிசை இது: முதலில், இருக்கிற அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர். அடுத்தது, குடியிருப்பில் ஒரு மாலைநேரப் படிப்பகம். மூன்றாவதுதான் புதுப் பள்ளி. அதையும் மலைக்கிராமம், உப்பளம், செங்கல் சூளை போல உண்மையிலேயே எட்டாத இடத்தில் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

சொந்தக்காரர் சொன்ன ஊர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர். பெரம்பலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் அதற்கு அருகில் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால், காவிரிப் படுகை மாவட்டங்களைப் பார்ப்பதும் கண்காணிப்பதும் நம்மவர்களுக்கு எளிது. எளிதாகப் போய்வர முடியாத இடத்தில் கட்டினால் வேலை படத்தில்தான் நடக்கும்.

மூன்று ஊர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முழுப் பள்ளி நாள் இருங்கள். காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளும் ஒத்துப் போகின்றனவா என்று எண்ணுங்கள். அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுக்கும் பதினொரு இலக்க யூடைஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு மாணவர், ஆசிரியர், அறை எண்ணிக்கையை அரசு இணையத்தில் சரிபார்க்கலாம். சட்டக் கணக்கில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், ஆசிரியருக்கு ஓர் அறை. ஆசிரியரே இல்லாத பள்ளிக்கு அறை கட்டிக் கொடுத்தால் அது சாமான் அறையாகிவிடும். அங்கே முதலில் கேட்க வேண்டியது ஆசிரியர் பணியிடம். அதைப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். குழு கடைசியாக எப்போது கூடியது, காலனித் தாய்மார் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்த ஊரில் வேலை காகிதத்தில்தான் நகரும்.

கேட்டால் யாரும் சொல்லாதவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது தெருவாரியாகப் பிரிகிறார்களா? குடிநீர்க் குடம் ஒன்றா இரண்டா? சமைப்பவர் யார், அவர் சமைப்பதை எல்லாரும் சாப்பிடுகிறார்களா? துடைப்பம் யார் கையில் இருக்கிறது? காலனியிலிருந்து பள்ளிக்கு வரும் பாதை எந்தத் தெரு வழியாக வருகிறது? பள்ளிச் சாவி யார் வீட்டில் தொங்குகிறது? ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு காலனித் தாய் சாவி கேட்க முடியுமா என்பதே ஊரின் நிலையைச் சொல்லிவிடும்.

ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித்தொகுதியில் வென்றவராகவே இருந்தாலும், முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். இரண்டு பேரையும் பாருங்கள். ஆனால் வாக்குறுதியை மேலாண்மைக் குழுவிடம் மட்டும் கொடுங்கள்.

பணம் போகும் வழி

மலேசியக் குழுக்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். நீங்கள் மலேசியக் குடியுரிமை பெற்றவர் என்றால், பாட்டன் பிறந்தது தஞ்சாவூராக இருந்தாலும், இந்தியச் சட்டத்தின் கண்ணில் உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அதே கதைதான். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்பவரின் சொந்தச் சேமிப்புக்கு மட்டும், அது வங்கி வழியாகப் போகும்போது, விலக்கு உண்டு. குழுவில் இரண்டு வகையினரும் இருந்தால் பணத்தை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

வெளிநாட்டு நன்கொடையை வாங்கும் இந்திய அமைப்பு, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். எல்லாரும் எஃப்சிஆர்ஏ என்பது இதைத்தான். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்புக்கு மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் பணிக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். ஆகவே "நாமே அங்கே ஓர் அறக்கட்டளை தொடங்கிவிடலாம்" என்ற யோசனை உடனே நடக்காது. ஒரு குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று முன்அனுமதி வாங்கும் வழி ஒன்று உண்டு; அதற்கு உங்கள் குழு தொகையும் நோக்கமும் எழுதிய உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும்.

2020இல் வந்த திருத்தம் மூன்று முடிச்சுப் போட்டது. வெளிநாட்டுப் பணம் முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எனவே சென்னையில் இருக்கும் பெரிய அமைப்பு "எங்களிடம் அனுப்புங்கள், கிராமத்து அமைப்புக்கு நாங்கள் கொடுத்துவிடுகிறோம்" என்றால் அது சட்டப்படி நடக்காது. உள்ளூர்க் கிளை எண்ணைக் கொடுத்து அனுப்பச் சொன்னாலும் நின்று கேளுங்கள்.

ஊரில் உள்ள மாமா கணக்குக்கு அனுப்பி, அவர் எடுத்துப் போய்க் கொடுப்பது இங்கே வழக்கமான குறுக்கு வழி. அதைச் செய்யாதீர்கள். அகப்பட்டால் சிக்கல் உங்களோடு நிற்காது. பதிவு பறிபோவது அந்த அமைப்புக்கு. பதிவு ரத்தானால் அந்தப் பணத்தில் உண்டான சொத்தும் அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். பழைய கணினிகளைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போய் அமைப்புக்குக் கொடுப்பதும் நன்கொடைக் கணக்கில் வரும். பொருள் என்பதற்காக விலக்கு இல்லை.

அமைப்பைச் சோதிக்கும் வழி: உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ இணையத்தில் மாவட்டவாரிப் பட்டியல் இருக்கிறது. பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் எஃப்சி4 படிவம் மூன்று ஆண்டுக்கு வாங்கிப் படியுங்கள். மார்ச்சில் கணக்கு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அது தாக்கலாக வேண்டும். படிவத்தைக் காட்டத் தயங்கும் அமைப்போடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி இந்தப் பக்கம். பத்துப் பேர் தங்கள் பணத்தையே போடுவதென்றால், சங்கம் பதியாமல் அவரவர் வங்கியிலிருந்து நேரே அனுப்புவதே சுருக்கமானது. அனுப்பும்போது பெயர், முகவரி, நாடு, நோக்கம் நான்கையும் தெளிவாக எழுதுங்கள். நோக்கம் காலியாக இருந்தால் பணம் தில்லியில் தொங்கும். இடைநிலை வங்கிகள் கட்டணம் பிடிக்கும் என்பதால், அனுப்பும் செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து வரும் ரசீதில் தொகை குறைந்திருக்கும், அதை வைத்து இங்கே சண்டை வரும்.

வெளியாரிடம் வசூலிப்பதென்றால் சங்கப் பதிவகத்தில் பதியுங்கள்; 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் போதும். அமைப்பு விதியிலேயே "வெளிநாட்டில் கல்விப் பணிக்குச் செலவிடலாம்" என்ற வரி இருக்கட்டும். தைப்பூசத்தில் பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் உண்டியலோடு நிற்பதற்கும் வீடு வீடாகப் போவதற்கும் 1947ஆம் ஆண்டு வசூல் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு ஒப்புதல் உங்கள் கையில் இல்லாதவரை, "வரிவிலக்கு உண்டு" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

நிலமும் அனுமதியும்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி நம்முடையது, நிலம் தோட்டத்துடையது. தோட்டம் கைமாறியபோது பள்ளி நடுவில் நின்றது. அங்கும் அதேதான்: நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, கட்டடம் கடைசியில் அவருடையது.

அரசுப் பள்ளி வளாகத்துக்குள் கட்டுவதன் பெரிய நன்மை, நிலச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்திருக்கும் என்பது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம். பாடப் பொறுப்பு வட்டாரக் கல்வி அலுவலரிடம். பலர் தலைமை ஆசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வேலையைத் தொடங்கி, பாதியில் நிற்பது இது தெரியாததால்தான். நலப் பள்ளி என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் போக வேண்டும். மேலாண்மைக் குழுத் தீர்மானம், வரைபடம், மதிப்பீடு, கட்டி முடித்ததும் ஒப்படைக்கிறோம் என்ற கடிதம் ஆகிய நான்கையும் சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறியதும் போய்விடும். அரசுப் பள்ளிகளுக்கு வெளியார் நன்கொடையை வாங்க 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டமும் இருக்கிறது. வெளிநாட்டுக் குடிமகன் பணத்தை எந்தக் கணக்கில் ஏற்பார்கள் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

படிப்பகத்துக்கோ புதுப் பள்ளிக்கோ நிலம் வாங்குவதானால், வாங்குவது இந்திய அமைப்பாகத்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டார் அங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. நிலத்தின் உரிமையையும் அளவையும் காட்டும் பட்டா, சிட்டா, புலப்படம், விற்பனை, அடமான வரலாற்றைக் காட்டும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டையும் பாருங்கள். அதில் நிபந்தனை நிலம் என்று இருந்தால் அது பஞ்சமி நிலமாக இருக்கலாம். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தை அவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறிப் போன பஞ்சமி நிலத்தை வாங்கி, அதில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதைவிடக் கேவலம் ஒன்று இருக்க முடியாது; தெரியாமல் நடக்கவும் வாய்ப்பு அதிகம். ஏரி, வாய்க்கால் புறம்போக்கு, அதாவது நீர்நிலைக்கான அரசு நிலம், மலிவாகக் காட்டப்படும். நீர்நிலையில் கட்டினால் இடிப்பார்கள்.

தனியார் பள்ளி என்றால் அங்கீகாரம் இல்லாமல் ஒரு நாள்கூட நடத்த முடியாது. கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகிய நான்கும் வேண்டும்; காலாவதியாகும்போதெல்லாம் புதுப்பிக்கவும் வேண்டும். அந்த அலைச்சலுக்கு முழுநேர ஆள் ஒருவர் தேவை என்பதை முதலிலேயே செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வகுப்பறையின் கணக்கு

இருபதுக்கு இருபது அடி அறையை எடுத்துக்கொள்வோம். முப்பது முதல் முப்பத்தைந்து பிள்ளைக்குப் போதும். முன்னால் ஆறு முதல் எட்டடி தாழ்வாரம். கதவு இரண்டு, வெளிப்பக்கம் திறப்பவை. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் கூரையில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளியில் கீற்றுக் கொட்டகைக்கு இடமில்லை. சமையலறையையும் வகுப்பறையை ஒட்டிக் கட்டக் கூடாது. நம்மூர்ப் பழக்கத்தில் தகரக் கூரை போடலாம் என்று நினைப்பவர்கள், மே மாதத்தில் ஒருமுறை அதன் கீழ் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காப்புத் தளம் இடுவதே சரி.

காலனிகள் பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். நல்ல மேட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய இடம் அது. ஆகவே சுவரில் பழைய வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, தரைமட்டத்தை அதற்கு மேல் ஒன்றரை அடியாவது தூக்குங்கள். சாலையை மட்டமாக எடுத்துக்கொண்டு அளப்பது தவறு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயரும். கரிசலோ படுகைக் களிமண்ணோ வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். மேலோட்டமான அடித்தளம் போட்டால் இரண்டாம் கோடையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். மண்ணைச் சோதித்து, ஆழத்தைப் பொறியாளர் சொல்லட்டும். மேஸ்திரி சொல்ல வேண்டாம்.

ஒன்பது அங்குலச் சுவர், பத்தடி உயரம், ஜன்னல் கதவு போக ஏறத்தாழ 6500 முதல் 7000 செங்கல். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், சுவர் விரலால் சுரண்டினாலே உதிரும்.

கூரைத் தளத்தில் நடுவே ஒரு பீம் கொடுத்து ஐந்து அங்குலக் கனம் போட்டால், சுற்றிலும் ஓரடி நீட்டலோடு 200 கன அடிக்கு அருகில் கான்கிரீட் வரும். சிமெண்டு, மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற எம்20 கலவையில் அதற்கு 46 மூட்டை சிமெண்டு, எம்-சாண்ட் எனும் கல்லை உடைத்த மணல் ஒரு யூனிட்டுக்கு (நூறு கன அடி) சற்றுக் குறைவு, முக்கால் அங்குல ஜல்லி இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, கம்பி ஏறத்தாழ அரை டன். பீமுக்கு வேறு கணக்கு. மதிப்பீட்டில் 30 மூட்டை என்று இருந்தால் ஏமாற்று. 70 என்று இருந்தாலும் ஏமாற்று. தளம் போடும் நாளில் உங்கள் ஆள் ஒருவர் காலி மூட்டையை எண்ணிக் கட்டி வைக்கட்டும். கலவை இறுகலாக இருக்கிறது என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினால் தள்ளுவது எளிது, பலம் போய்விடும். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இல்லாமல் தளம் போட விடாதீர்கள். கம்பிக்கு அடியில் அதைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கம்பி பலகையில் உட்கார்ந்திருந்தால் ஐந்தாறு ஆண்டில் துருப்பிடித்துத் தளத்தின் அடிப்பூச்சு பிள்ளைகள் தலையில் பெயர்ந்து விழும். கடலோரத்தில் உப்பு ஏறிய போர் தண்ணீரால் கான்கிரீட் கலந்தாலும் இதே கதிதான். லாரித் தண்ணீர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும், பத்து நாளுக்குக் குறையாமல். பீம் ஆறு மீட்டரைத் தாண்டினால் முட்டு 21 நாள் நிற்க வேண்டும். தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை நாள் வாடகையில் வருவதால் ஒப்பந்தக்காரர் பத்தாம் நாளே பிரிக்கப் பார்ப்பார். அந்த வாடகையை நீங்களே தனியாகக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பிரிக்கும் அவசரம் போய்விடும். தளத்தன்று கான்கிரீட் கட்டிகள் ஆறு எடுத்து வைத்து, 28ஆம் நாள் அருகில் உள்ள பாலிடெக்னிக்கில் உடைத்துப் பாருங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாக விடுங்கள்: அடித்தளம் முடிந்ததும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில், தளம் போட்டதும், பூச்சு முடிந்ததும். கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு மழைக்காலம் கழியும் வரை கையில் வையுங்கள். கொத்தனாரும் சித்தாளும் முடிந்தவரை அந்தக் குடியிருப்பிலிருந்தே வரட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள்.

காலம் முக்கியம். பள்ளி ஜூனில் திறக்கும், மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கும். பொங்கல் முடிந்ததும் தொடங்கலாம் என்று இங்கிருந்து திட்டமிடுவோம். ஆனால் படுகையில் சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும், ஆள் கிடைக்காது. செங்கல், ஜல்லி இறக்குவதையும் காகித வேலையையும் அந்த இரண்டு மாதத்தில் முடித்து, மாசிக் கடைசியில் அடித்தளம் தோண்டினால் மே மாதத்துக்குள் தளம் ஏறிவிடும்.

கரும்பலகை எட்டுக்கு நான்கு அடி. சின்ன வகுப்பில் அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் இருந்தால்தான் பிள்ளை கை எட்டும். ஜன்னல் வெளிச்சம் எழுதும் பிள்ளையின் இடப்பக்கத்திலிருந்து வரட்டும்.

கழிப்பறை

பெண் பிள்ளைகள் ஏழாம் எட்டாம் வகுப்பில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நாற்பது பிள்ளைக்கு ஒரு மலக்கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடமும் என்பது அரசு சொல்லும் அளவு. ஆண், பெண் பகுதிக்கு வாசல் வேறு வேறு திசையில் இருக்க வேண்டும். பெண்கள் பகுதியில் உள்தாழ்ப்பாள், கொக்கி, மாதவிடாய்த் துணி போட ஒரு மூடிய தொட்டி. நாள் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் தண்ணீர் என்பது கட்டட விதிக் கணக்கு. அறுபது பிள்ளைக்கு 3000 லிட்டர் தொட்டி. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி இருக்கட்டும். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் படுகையில் உறிஞ்சு குழி மழைக்காலத்தில் எதிர்த்து வரும். அங்கே மூடிய செப்டிக் தொட்டியே கட்ட வேண்டும். நிரம்பினால் வண்டி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார்கள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. நீங்கள் கட்டும் கழிப்பறையே அந்தக் கொடுமைக்கு இடமாகக் கூடாது. துப்புரவுப் பணியாளர் ஊதியம் யார் தருவது, ஆசிட், பினாயில் வாங்கும் பணம் எங்கிருந்து என்பதை ஒப்படைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். ஐந்தாண்டுக்கான துப்புரவுச் செலவைச் சேர்க்காத மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக ஓர் அறையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

மாலைநேரப் படிப்பகம்

குறைந்த பணத்தில் அதிகப் பலன் இதில்தான். ஓரறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது வீட்டுப்பாடம் எழுத இடமிருக்காது. குடியிருப்புச் சமுதாயக் கூடத்திலோ இருபதுக்குப் பதினைந்து அடி அறையிலோ மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, வாரம் ஆறு நாள். ஓர் ஆசிரியைக்கு 25 பிள்ளைக்கு மேல் கூடாது. அதே குடியிருப்பில் பட்டம் முடித்த ஒரு பெண்ணைப் பிடியுங்கள். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை வீட்டார் அவளிடம்தான் அனுப்புவார்கள். ஊதியம் மாதம் ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு மாதம் தாமதித்தால் அந்தப் பெண் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவாள், குற்றம் அவளுடையதல்ல.

இருபது வாட் எல்இடி விளக்கு நான்கு, விசிறி இரண்டு, 150 ஆம்பியர்-மணி மின்கலத்தோடு ஓர் இன்வெர்ட்டர் இருந்தால், மின்சாரம் போனாலும் வகுப்பு முழு நேரமும் ஓடும். தலைக்கு 30 கிராம் வீதம் 25 பிள்ளைக்கு முக்கால் கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். சுண்டல் இருக்கும் நாளும் இல்லாத நாளும் வருகைப் பதிவேட்டில் தெரியும். பாடம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: அரை மணி வாய்விட்டு வாசிப்பு, அரை மணி கணக்கு, மீதி அன்றைய வீட்டுப்பாடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைத் தடுமாறாமல் வாசிக்கிறதா என்று சோதித்து, குறித்து வையுங்கள்.

பெயர்ப்பலகையும் படங்களும்

பள்ளிக்குச் சாதிப் பெயரும் வேண்டாம், நன்கொடையாளரின் தாத்தா பெயரும் வேண்டாம். 2025இல் தமிழக அரசே தன் மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றிவிட்டது. நன்கொடை கேட்கும் சுவரொட்டியில் பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை வேலை கேட்டுப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் கிடக்கும். இங்கே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களில் பலரின் பாட்டன் பாட்டி கப்பலேறியது அதே குடியிருப்புகளிலிருந்துதான். அதனால் 'பாவப்பட்ட பிள்ளைகள்' என்ற தொனியில் எழுதும் வேண்டுகோள் கடிதம் நம்மவர் வாயில் கூடுதலாகவே இடறுகிறது.

ஒப்படைத்த பிறகு

சாவி இரண்டு செட்: ஒன்று தலைமை ஆசிரியரிடம், மற்றொன்று மேலாண்மைக் குழுவில் உள்ள காலனித் தாய் ஒருவரிடம். ரசீது, வரைபடம், கம்பி கட்டிய நிலையில் எடுத்த படங்கள், கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்த சோதனை முடிவு ஆகியவற்றின் நகல் பள்ளியிலும் இருக்கட்டும். பத்தாண்டு கழித்துப் பழுது பார்க்க வரும் பொறியாளருக்கு அவை தேவைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை சொல்லாமல் போய்ப் பாருங்கள், மாலை போடும் நாளில் வேண்டாம். செப்டம்பர் நல்ல மாதம். மாடியில் இலை அடைத்திருக்கும் மழைநீர்க் குழாயைக் குத்தி எடுப்பது, தொட்டியைக் கழுவுவது, வெடிப்பு கண்ட இடத்தில் பென்சிலால் தேதி போட்டு அளந்து வைப்பது, இன்வெர்ட்டர் மின்கலத்துக்கு நீர் விடுவது எல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.